பூட்டுத் தொழிலாளியின் மகன் கண்ட மின்சார விதி

மின்சார வேலை பார்க்கும் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற மூன்று சொற்களும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரும் மாணவன் ஆரம்பத்திலேயே மனப்பாடம் செய்வதும் இம்மூன்றையும் இணைக்கும் ஒரு சிறு சூத்திரத்தைத்தான். ரேடியோ பழுது பார்ப்பவர், மோட்டார் காயில் கட்டுபவர், ரெயில்வே சிக்னல் பிரிவுக்காரர் எல்லோருக்கும் அன்றாடம் கை கொடுப்பது அந்தச் சூத்திரமே.

அதில் வரும் ஓம் என்பது பிரணவ மந்திரம் அல்ல. ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரின் பெயர். ஒரே வரியில் அடங்கும் அந்த உண்மையைக் கண்டு சொன்னதற்காக அவருக்கு முதலில் கிடைத்தது பாராட்டு அல்ல, கண்டனம். இருந்த உத்தியோகத்தையும் விட்டு விட்டு, ஆண்டுக்கணக்கில் நிலையான வேலை இல்லாமல் அவர் காலம் தள்ள நேர்ந்தது. இளமை முதல் அவர் விரும்பிய பதவி 63-வது வயதில்தான் வந்து சேர்ந்தது.

பட்டறையில் நடந்த பாடம்

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள எர்லாங்கன் நகரில் 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஓம் பிறந்தார். தந்தை ஜோகான் வொல்ப்காங் ஓம், பூட்டு செய்யும் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத், ஒரு தையல்காரரின் மகள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஏழு, தங்கியவை மூன்று. ஜார்ஜுக்குப் பத்து வயதாகும்போது தாயும் இறந்து விட்டார்.

தந்தைக்கு முறையான படிப்பு கிடையாது. ஆனால் தாமாகவே புத்தகங்களை வாங்கிப் படித்து, கணிதம், பௌதிகம், ரசாயனம், தத்துவம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். தாம் கற்றதை ஜார்ஜுக்கும் அவன் தம்பி மார்ட்டினுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கிடைத்த விஞ்ஞானப் பாடத்தைவிட வீட்டில் கிடைத்தது அதிகம். பட்டறையில் உலோகத்தை அறுக்கவும் தேய்க்கவும் பழகிய கைப்பழக்கம் பிற்காலச் சோதனைகளுக்குத் துணையாக வந்தது.

ஜார்ஜுக்கு 15 வயதானபோது, எர்லாங்கன் பல்கலைக் கழகக் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ப் அவனைச் சோதித்துப் பார்த்தார். பூட்டுத் தொழிலாளியின் பிள்ளைகள் ஸ்விட்சர்லாந்தின் புகழ் பெற்ற பெர்னூலி சகோதரர்களைப் போலக் கணித மேதைகளாக வருவார்கள் என்று அவர் கருதினார். அவர் கணிப்பு வீண் போகவில்லை. மார்ட்டினும் பின்னாளில் பெர்லினில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

தந்தையின் கோபம்

1805-ல் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது போனது. தமக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்குக் கிடைத்தும் அவன் அதை வீணாக்குகிறானே என்று தந்தை கொதித்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806-ல் ஜார்ஜ் ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். 17 வயதில் அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது.

ஊரை விட்டுப் போனபின் பொறுப்பு வந்தது. வேலை பார்த்துக்கொண்டே ஆய்லர், லாப்லாஸ் போன்ற மேதைகளின் கணித நூல்களைத் தனியாகப் படித்தார். 1811-ல் ஊர் திரும்பி, அதே ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி எர்லாங்கனில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே விரிவுரையாளராகவும் அமர்ந்தார். ஆனால் வருமானம் வாய்க்கும் வயிற்றுக்கும் போதவில்லை. மூன்று பருவங்களுக்குப் பின் அதையும் விட்டார்.

1813-ல் பாம்பெர்க் நகரப் பள்ளி ஒன்றில் பவேரிய அரசு அவருக்கு ஆசிரியர் வேலை கொடுத்தது. தரம் குறைந்த பள்ளி. 1816-ல் அதையும் மூடிவிட்டார்கள். பிறகு அதே ஊரில், மாணவர் கூட்டம் நிரம்பி வழிந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார். இத்தனைக்கும் நடுவில் வடிவகணிதப் பாட நூல் ஒன்றை எழுதி முடித்தார். அதன் பயனாக 1817-ல் பிரஷ்ய ஆட்சியில் இருந்த கொலோன் நகரப் பள்ளியில் கணித, பௌதிக ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் நல்ல பௌதிகச் சோதனைக் கூடம் ஒன்று இருந்தது. ஓமின் வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

தவறிப் போன முதல் சூத்திரம்

1820-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே வைத்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டு சொன்னார். ஐரோப்பாவின் சோதனைக் கூடங்களில் எல்லாம் இதே பேச்சு. ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளக்கலாம் அல்லவா? ஓம் இதைப் பிடித்துக்கொண்டார்.

கம்பி நீளமாக நீளமாக மின்சாரம் குறைகிறது. ஆனால் எந்தக் கணக்கில் குறைகிறது? இதுதான் அவர் கேட்ட கேள்வி. 1825-ல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் தந்த சூத்திரம் தவறாகப் போய்விட்டது. காரணம், அக்காலத்து மின்கலம். இணைத்த சிறிது நேரத்திலேயே அதன் வலு இறங்கிவிடும். ஏறி இறங்கும் தராசில் நிறுத்தால் எடை சரியாக வருமா?

பெர்லினில் பௌதிகப் பத்திரிகை நடத்தி வந்த போகென்டார்ப் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு, சீபெக் 1821-ல் கண்டுபிடித்திருந்த வெப்ப மின்னிணையைப் பயன்படுத்தும்படி கூறினார். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். சூடும் குளிர்ச்சியும் மாறாத வரை மின்சாரத்தின் விசையும் மாறாது.

எட்டுக் கம்பிகள்

ஓம் ஒரு பிஸ்மத் சட்டத்தின் இரு முனைகளிலும் தாமிரப் பட்டைகளைப் பொருத்தினார். ஒரு முனை கொதிக்கும் நீரில். மறு முனை பனிக்கட்டியில். மேலே மெல்லிய தங்கப் பட்டையில் ஒரு காந்த ஊசியைத் தொங்க விட்டார். மின்சாரம் ஊசியைத் திருப்பும். பட்டையை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். எவ்வளவு முறுக்கினோமோ அதுவே மின்சாரத்தின் அளவு.

பிறகு ஒரே பருமனுள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். அவற்றின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரியில் எடுத்த ஒரு வரிசை அளவுகளில், 2 அங்குலக் கம்பிக்கு 326¾ என்றும், 130 அங்குலக் கம்பிக்கு 48½ என்றும் வந்தது.

இந்த எட்டு எண்களும் ஒரே கணக்கில் அடங்கின. கம்பியின் நீளத்தோடு 20¼-ஐக் கூட்டு; வரும் எண்ணால் 7285-ஐ வகு. வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். 130-உடன் 20¼ சேர்ந்தால் 150¼. அதால் 7285-ஐ வகுத்தால் 48½. ஊசி காட்டியதும் அதுவே. 2 அங்குலக் கம்பிக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 327½ தருகிறது. ஓம் அளந்தது 326¾. கையால் செய்த கருவியில் இவ்வளவு நெருக்கம்!

7285 என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை. 20¼ என்பது கம்பி தவிர, சுற்றின் மற்றப் பகுதிகள் கொடுக்கும் தடை. இதை உறுதி செய்ய ஓம் சூட்டைக் குறைத்துப் பார்த்தார். முதல் எண் குறைந்தது. இரண்டாவது எண் அப்படியே நின்றது. விசை வேறு, தடை வேறு என்பது தெளிவாயிற்று. மின்கலத்துக்குள்ளும் தடை உண்டு என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. பழைய டார்ச் செல்லை மீட்டரில் வைத்தால் ஓரளவு வோல்ட் காட்டும். பல்பில் போட்டால் மங்கலாக எரியும். செல்லுக்குள் தடை ஏறிவிட்டது என்பதே பொருள்.

சூத்திரம் சொல்வது என்ன?

ஓம் கண்டதை இன்று நாம் சுருக்கமாக எழுதுகிறோம்: வோல்ட் = ஆம்பியர் × ஓம்.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாயின் குறுகலும் நீளமும் கொடுக்கும் இடைஞ்சல் ஓம். உயரம் கூடினால் ஓட்டம் கூடும். இடைஞ்சல் கூடினால் ஓட்டம் குறையும்.

இத்துடன், வாட் = வோல்ட் × ஆம்பியர் என்ற கணக்கையும் சேர்த்தால் வீட்டு மின்சாரம் முழுவதும் புரிந்துவிடும். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 60 வாட் குண்டு பல்பு இழுப்பது 0.26 ஆம்பியர்; எரியும்போது அதன் தடை 882 ஓம். 1000 வாட் ஹீட்டர் இழுப்பது 4.35 ஆம்பியர், அதன் தடை 53 ஓம் மட்டுமே. வாட் அதிகமானால் தடை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

வீட்டில் எல்லாச் சாமான்களும் பக்க இணைப்பில் இருப்பதால், ஒவ்வொன்றாகப் போடப் போட ஆம்பியர் கூடிக்கொண்டே போகும். நாலைந்து பேர் தங்கும் அறையில் ஒரே 6 ஆம்பியர் பிளக்கிலிருந்து இரண்டு 1000 வாட் ஹீட்டர்களைப் போட்டால் 8.7 ஆம்பியர் ஓடும். பிளக் உருகினால் அது பிளக்கின் குற்றமல்ல.

ஸ்குரு தளர்ந்த இணைப்பு இன்னும் மோசம். ஹீட்டர் போகும் வழியில் தளர்ந்த ஓர் இணைப்பின் தடை வெறும் 1 ஓம் என்று வைத்துக் கொள்வோம். அந்த ஒரு புள்ளியில் மட்டும் சுமார் 18 வாட் சூடு கிளம்பும். ரேடியோக்காரர் ஈயம் உருக்கும் சின்னச் சால்டரிங் அயர்னின் சூட்டுக்கு அது ஏறக்குறைய சமம்.

மனித உடலுக்கும் இதே கணக்குத்தான். காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். நனைந்த கையில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் உடலில் பாயும். உயிர் காக்க வீடுகளில் பொருத்தும் கசிவு மின்சாரத் துண்டிப்பான் 0.03 ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டிருப்பது இதனால்தான். குளித்துவிட்டு ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வதில் ஓம் விதி இருக்கிறது.

உலோகத்தின் சூடு மாறாத வரைதான் இந்த விதி நேராகப் பொருந்தும். குண்டு பல்பு அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

அரைச் சம்பள விடுமுறை

தாம் கண்ட உண்மைக்கு ஒரு முழுமையான கணித விளக்கம் எழுத ஓம் விரும்பினார். பள்ளி வேலைக்கு நடுவே அது முடியவில்லை. 1826 ஆகஸ்டில் ஓராண்டு விடுமுறை கேட்டு, அரைச் சம்பளத்தில் பெற்றார். பெர்லினுக்குப் போய்த் தம்பி மார்ட்டின் வீட்டில் தங்கி எழுதினார். பிரான்சின் பூரியே 1822-ல் வெளியிட்ட வெப்ப நூல் அவருக்கு வழி காட்டியது. சூடு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வெப்பம் பாய்வது போல மின்சாரமும் பாய்கிறது என்ற அடிப்படையில், மின்சுற்றின் கணிதத்தை எழுதி 1827-ல் நூலாக வெளியிட்டார்.

இந்த நூலைப் பார்த்ததும் ஏதாவது ஒரு பல்கலைக் கழகம் தம்மை அழைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அழைப்பு வரவில்லை. கணித மயமாக இருந்த நூலைப் பல பௌதிக அறிஞர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பௌதிகத்தைக் கணக்கால் விளக்குவதே அன்றைய ஜெர்மனியில் பலருக்குப் பிடிக்காத விஷயம். தம் அழகான சோதனைகளை முன்னால் வைக்காமல் கணிதத்தை முன்னால் வைத்தது ஓமுக்குப் பாதகமாயிற்று. பெர்லினைச் சேர்ந்த போல் என்ற அறிஞர், நூல் முழுவதும் வெறும் கற்பனை என்ற கருத்தில் கடுமையாக விமர்சனம் எழுதினார். பிரஷ்ய கல்வி இலாகாவிலும் ஆதரவு இல்லை.

மனம் வெதும்பிய ஓம் 1828 மார்ச்சில் கொலோன் பள்ளி வேலையை ராஜினாமா செய்தார். வயது 39 நெருங்கியிருந்தது. பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் சொல்லிக் கொடுக்கும் தற்காலிக வேலைகளில் ஐந்து ஆண்டுகள் ஓடின. 1833-ல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். நிலையான சம்பளம் மீண்டும் வந்தது. ஆனால் அவர் விரும்பிய பல்கலைக் கழகப் பதவி அது அல்ல.

தந்தி கொண்டு வந்த புகழ்

சொந்த ஊரார் கண் திறக்குமுன் வெளியே சிலர் கண் திறந்தார்கள். லைப்சிக்கில் பெக்னர் 1831-ல் இந்த விதியைச் சோதித்து உண்மை என்றார். ரஷ்யாவில் லென்ஸ் தம் ஆராய்ச்சிகளில் இதைப் பயன்படுத்தினார். பாரிசில் பூயே 1837-ல் இதே முடிவுகளை வெளியிட்டார்.

காலமும் துணைக்கு வந்தது. மின்சாரத் தந்தி பிறந்துகொண்டிருந்த காலம் அது. 1825-ல் இங்கிலாந்தின் பார்லோ, கம்பி நீளும்போது மின்சாரம் வேகமாகக் குறைந்து போவதால் தந்தி அனுப்புவது நடவாத காரியம் என்று முடிவு கட்டியிருந்தார். ஓம் விதியைத் தெரிந்தவர்களுக்கு வழி தெரிந்தது. கம்பியின் தடையை முன்கூட்டியே கணக்கிடலாம். அதற்குத் தக்கபடி செல்களை வரிசையாகச் சேர்த்து விசையைக் கூட்டலாம். இங்கிலாந்தில் தந்தியை அமைத்த வீட்ஸ்டன் 1843-ல் ஓமின் கொள்கையை விளக்கிச் சொற்பொழிவாற்றினார்.

அதற்கு முன்பே, 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த கௌரவமான காப்ளே பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு அவரை அன்னிய நாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. நூல் வெளியாகி அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகே ஜெர்மனியில் மரியாதை வந்தது. 1845-ல் பவேரிய விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டில் கிர்க்காப் என்ற மாணவர், பல கிளைகள் உள்ள சிக்கலான சுற்றுகளுக்கும் பொருந்தும் விதிகளை ஓம் விதியின் மேல் கட்டி எழுப்பினார்.

ஓம் மின்சாரத்தோடு நிற்கவில்லை. எந்தக் கலப்பு ஒலியையும் காது தனித்தனி எளிய ஒலிகளாகப் பிரித்துக் கேட்கிறது என்று 1843-ல் எழுதினார். அதற்கும் எதிர்ப்பு வந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மேதை பின்னர் அதை எடுத்து வளர்த்தார்.

1849-ல் ஓம் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-ல், தம் 63-வது வயதில், மியூனிக் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1854-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அவர் காலமானார். இரண்டே ஆண்டுகள்தான் அந்தப் பதவியில் இருந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பெயர் அளவாயிற்று

ஓமுக்கு முன்பே இந்த உண்மையைத் தொட்டவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் செல்வந்தரான கேவண்டிஷ் 1781 வாக்கில், தம் உடம்பில் மின்சாரத்தை ஏற்றி, அதிர்ச்சியின் அளவைக் கொண்டே தடையை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆனால் எழுதியதை வெளியிடாமல் வைத்துவிட்டார். மாக்ஸ்வெல் அதைப் பதிப்பித்தது 1879-ல். பெட்டிக்குள் கிடந்த உண்மை உலகுக்குப் பயன்படவில்லை. திட்டு வாங்கினாலும் ஊர் அறியச் சொன்ன ஓமின் பெயரே விதிக்கு நிலைத்தது.

1881-ல் பாரிசில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு, வோல்ட், ஆம்பியருடன் மின்தடைக்கு ஓம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. ஒமேகா என்ற கிரேக்க எழுத்து அதன் அடையாளம் ஆயிற்று. தடைக்கு எதிரான கடத்து திறனுக்கு, ஓம் என்பதைத் திருப்பிப் போட்டு மோ என்று பெயர் வைத்து நெடுங்காலம் வழங்கினார்கள். இன்று அது சீமென்ஸ் எனப்படுகிறது. அவர் பணியாற்றிய நியூரம்பர்க் கல்வி நிலையத்தின் வழியில் வந்த தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்தக் கணக்கின் பலனைப் பம்பாய் ரெயிலிலும் பார்க்கலாம். 1925 பிப்ரவரி 3-ந் தேதி விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரெயில் ஓடியபோது, மேலே சென்ற கம்பியில் இருந்தது 1,500 வோல்ட். அந்நகரப் புறநகர்ப் பாதைகள் எல்லாம் 2016-க்குள் 25,000 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டன. வோல்ட் ஏறக்குறைய 17 மடங்கு கூடினால், அதே சக்திக்கு ஆம்பியர் 17-ல் ஒரு பங்காகக் குறையும். கம்பியின் தடை அதுவே என்று வைத்துக்கொண்டால், அதில் சூடாக வீணாகும் சக்தி முன்பு வீணானதில் சுமார் 278-ல் ஒரு பங்குதான். எட்டுக் கம்பிகளை வைத்து ஒரு பள்ளி ஆசிரியர் போட்ட கணக்கு இது.

தந்தை சொல்லிக் கொடுத்த பாடத்தை ஓம் மறக்கவில்லை. 1825-ல் தவறிய சூத்திரத்தை மறு ஆண்டே தம் கையால் திருத்தினார். திருத்திய சூத்திரத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை.